கணுக்கள் 2/9: அப்பாவின் ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

குடந்தைக்காரன் | மார்ச் 4

வணக்கம். அப்பாவுக்கு 61 வயது. இரைப்பையின் கீழ்ப்பகுதியில் புற்றுநோய். அடைப்பு இருந்ததால், சாப்பிட்டதெல்லாம் வாந்தியாகப் போனதால், முதலில் கீமோ கொடுக்காமல் நேரே ஆபரேஷன் செய்துவிட்டார்கள். இரைப்பையில் முக்கால் பாகம் எடுத்தாயிற்று. ஆள் தேறி வருகிறார். இரண்டு இட்லி இறங்குகிறது.

நேற்று பயாப்ஸி ரிப்போர்ட் கைக்கு வந்தது. கட்டி தசை அடுக்கைத் தாண்டியிருக்கிறது, ஆனால் வெளியுறையைத் துளைக்கவில்லை. வெட்டிய விளிம்புகள் சுத்தம். "நிணநீர்க் கணுக்கள் 2/9" (பார்த்த ஒன்பதில் இரண்டில் நோய்) என்று போட்டு, ஸ்டேஜ் 2-பி என்று முடித்திருக்கிறார்கள். சித்தப்பா "ரெண்டே ரெண்டுதானே, கவலையை விடு" என்கிறார். ஆனால் கீமோ பற்றிக் கேட்கப் போன இடத்தில் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் "ஒன்பதுதான் பார்த்தாங்களா?" என்று முகத்தைச் சுளித்தார். ஏன் என்று கேட்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

இணையத்தில் பார்த்தால் 2-பி-க்கு ஐந்து வருட உயிர்வாழ்வு 68 சதவீதம் என்று இருக்கிறது. அதை நம்பலாமா? ஒன்பதில் என்ன பிரச்சினை?

பாசிப்பயறு | மார்ச் 4

தம்பி, கத்தி பட்டாலே பரவும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். கீமோ பக்கம் போகாதீர்கள். எங்கள் ஊரில் ஒருவர் வேர்க்கஷாயம் தருகிறார், தனிமடலில் வாருங்கள்.

வேப்பமரம் | மார்ச் 4

பாசிப்பயறு, கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் பேசாமல் இருங்கள். இந்த இழையில் கஷாயம் விற்க வேண்டாம். குடந்தைத் தம்பி, தனிமடலைத் திறக்காதே. டாக்டரம்மா வருவார், காத்திரு.

ஸ்லைடுக்காரி | மார்ச் 4

வந்துவிட்டேன். தம்பி, நான் ஓய்வு பெற்ற நோய்க்குறியியல் மருத்துவர். இந்த ரிப்போர்ட்டுகளை எழுதுகிற பக்கத்தில் இருந்தவள். அந்த டாக்டர் முகம் சுளித்தது மேலே இருக்கும் 2-க்காக இல்லை, கீழே இருக்கும் 9-க்காக.

தியேட்டரில் இருந்து இரைப்பை எங்களுக்கு ஃபார்மலினில் ஊறி வரும். அதன் இரண்டு வளைவுகளிலும் கொழுப்பு தொங்கும். கணுக்கள் என்பது நிணநீர் போகும் வழியில் இருக்கும் சின்னச் சின்ன முடிச்சுகள், அந்தக் கொழுப்புக்குள் இருக்கின்றன. எத்தனை என்று யாரும் எண்ணி அனுப்புவதில்லை. நாங்கள்தான் கொழுப்பை மெல்லிய துண்டாக அரிந்து, விரலால் நசுக்கி நசுக்கித் தேட வேண்டும். கீரை ஆய்கிற மாதிரி வேலை. பொறுமை இருந்தால் 30 கிடைக்கும், இல்லாவிட்டால் 9 கிடைக்கும். பெரிதாக வீங்கியதில்தான் புற்றுநோய் இருக்கும் என்பதும் கிடையாது. 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த கணுக்களிலும் அது தாராளமாக இருக்கும். வீங்கிய கணு வெறும் அழற்சியாகவும் இருக்கும். சிடி ஸ்கேன் கணு விஷயத்தில் அடிக்கடி ஏமாற்றுவது இதனால்தான்.

இப்போது வகைப்பாடு. கணுவுக்கு ஆங்கில N எழுத்துதான் குறி. 1 அல்லது 2 கணுவில் நோய் இருந்தால் என்1. 3 முதல் 6 வரை என்2. 7 முதல் 15 வரை என்3-ஏ. 16-ம் அதற்கு மேலும் என்3-பி. ஒன்பது கணுவை மட்டும் பார்த்தவர் என்3-பி என்று எழுதவே முடியாது, இல்லையா? அதனால்தான் குறைந்தது 16 கணுவாவது பார்க்க வேண்டும், 30 பார்த்தால் நல்லது என்று வைத்திருக்கிறார்கள். உங்கள் அப்பாவுக்கு இருப்பது "குறைந்தது இரண்டு". சித்தப்பா "இரண்டே இரண்டு" என்று படித்துவிட்டார்.

ஒரு காரியம் உடனே செய்யுங்கள். ரிப்போர்ட் கொடுத்த பிறகும் மீதித் திசுவைச் சில வாரங்கள் ஆய்வகத்தில் வைத்திருப்பார்கள், அப்புறம் அழித்துவிடுவார்கள். நாளைக்கே போய், "மீதிக் கொழுப்பில் இன்னொரு தடவை கணு தேட முடியுமா" என்று எழுத்தில் கேளுங்கள். சண்டைக்குப் போகாதீர்கள். இது வழக்கமாக வருகிற கோரிக்கைதான்.

தியேட்டர்2 | மார்ச் 5

நான் சர்ஜன். டாக்டரம்மா சொன்னதோடு ஒன்று: கணு குறைந்ததற்குத் தேடியவர்தான் காரணம் என்று முடிவு கட்டாதீர்கள். எடுத்தவரும் காரணமாக இருக்கலாம். டிஸ்சார்ஜ் சம்மரியோடு ஆபரேஷன் நோட்ஸ் கேட்டு வாங்குங்கள். அதில் டி-1 என்றோ டி-2 என்றோ இருக்கும்.

இரைப்பையை ஒட்டிய கணுக்களை எடுப்பது டி-1. அதோடு கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் போகும் ரத்தக்குழாய்களின் ஓரமாக இருப்பதையும் வழித்து எடுப்பது டி-2. ஜப்பானியர்கள் இந்த இடங்களுக்கெல்லாம் வீட்டு இலக்கம் மாதிரி எண் கொடுத்து வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு டி-2 அன்றாட வேலை. ஆபரேஷன் முடிந்த கையோடு சர்ஜனே அமர்ந்து, எடுத்த இரைப்பையில் இருந்து கணுக்களைப் பிரித்து, எந்த எண்ணுள்ள இடத்தில் கிடைத்தது என்று தனித்தனிப் புட்டியில் போட்டு அனுப்புகிற வழக்கமும் அங்கே உண்டு. நம் ஊரில் ஒரே வாளியில் மொத்தமாகப் போகிறது.

ஐரோப்பாவில் டி-2-வை ஏற்கப் பல காலம் தயங்கினார்கள். காரணம் நெதர்லாந்து ஆய்வு. 1989 முதல் 1993 வரை நோயாளிகளைச் சேர்த்தார்கள். டி-2 செய்தவர்களில் 10 சதவீதம் பேர் ஆபரேஷனை ஒட்டியே இறந்தார்கள், டி-1-ல் 4 சதவீதம். மண்ணீரலையும் கணையத்தின் வாலையும் சேர்த்து எடுத்தது அதில் பெரிய பங்கு. ஆனால் 15 வருடம் கழித்துப் பார்த்தபோது, இரைப்பைப் புற்றுநோயால் இறந்தவர்கள் டி-1-ல் 48 சதவீதம், டி-2-ல் 37 சதவீதம். இப்போது மண்ணீரலைத் தொடாமல் டி-2 செய்கிறோம்.

சரி, இன்னும் தள்ளிப் போனால் இன்னும் நல்லதா? அதையும் ஜப்பானில் சோதித்தார்கள். பெருந்தமனியை ஒட்டிய கணுக்களையும் சேர்த்து எடுத்துப் பார்த்தார்கள். 2008-ல் முடிவு வந்தது: ஐந்து வருடத்தில் டி-2 மட்டும் செய்தவர்களில் 69.2 சதவீதம், கூடுதலாக எடுத்தவர்களில் 70.3 சதவீதம் உயிரோடு இருந்தார்கள். வித்தியாசம் இல்லை.

எண்சுவடி | மார்ச் 5

அந்த 68-ஐப் பற்றி நான் சொல்கிறேன், புள்ளியியல் என் பிழைப்பு.

அது புற்றுநோய் ஸ்டேஜ் வகைப்பாட்டின் 8-ஆம் பதிப்புக்காக 15 நாடுகளில் இருந்து திரட்டிய 25,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் கணக்கு. ஸ்டேஜ் 1-ஏ 93.6, 2-பி 68.0, 3-ஏ 54.0, 3-சி 17.9. பார்க்க எடுப்பாக இருக்கும். ஆனால் அதில் மிகப் பெரும்பாலோர் ஜப்பானியரும் கொரியரும். நல்ல டி-2 ஆபரேஷன், பொறுமையாகத் தேடிய கணுக்கள். அவர்கள் ஊர் 2-பி என்றால் நிஜமாகவே 2-பி. ஒன்பது கணுவை வைத்து எழுதிய 2-பி-க்குள் நிறைய 3-ஏ ஒளிந்திருக்கும். அதனால் 68-ஐ அப்படியே தூக்கி அப்பாவுக்குப் போடாதீர்கள்.

வேப்பமரம் | மார்ச் 5

எனக்கு 2014-ல் ஆபரேஷன். 34 கணு பார்த்ததில் 11-ல் இருந்தது. டாக்டரம்மா போட்ட பட்டியலில் என்3-ஏ. கூகுள் பார்த்துவிட்டு என் மனைவி தனியாக அழுதது எனக்கு அப்புறம்தான் தெரியும். இன்றைக்கும் வயலுக்குப் போகிறேன், கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுகிறேன், பி-12 வைட்டமின் ஊசி போட்டுக்கொள்கிறேன். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. என்னோடு வார்டில் இருந்த ஒருவருக்குக் கணு ஒன்றில்கூட இல்லை. அவர் போய்விட்டார்.

தம்பி, அப்பாவுக்கு விஷயம் தெரியுமா?

குடந்தைக்காரன் | மார்ச் 5

ஐயா, அவரிடம் அல்சர் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம். அம்மாவின் பிடிவாதம். கூட்டுறவு வங்கியில் கணக்கராக இருந்தவர். எத்தனை நாளைக்கு ஏமாற்ற முடியுமோ தெரியவில்லை.

ஆபரேஷன் நோட்ஸ் வாங்கிவிட்டேன். டி-2 என்று எழுதியிருக்கிறது. ஆய்வகத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். முதலில் இழுத்தார்கள், அப்புறம் சரி என்றார்கள்.

வேப்பமரம் | மார்ச் 5

கீமோ வார்டில் பலகையிலேயே எழுதியிருக்கும் தம்பி. அங்கே வைத்து அவராகப் படித்துத் தெரிந்துகொள்வதைவிட உன் வாயால் தெரிவது மேல்.

எண்சுவடி | மார்ச் 6

வேப்பமரம் ஐயா விஷயத்தில் ஒரு சின்னக் குறிப்பு. ஆபரேஷன் அன்று சொல்லும் கணக்கு அன்றைக்குத்தான் பொருந்தும். இந்த நோய் திரும்பி வருவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வருடங்களில் வரும். அதைத் தாண்டியவருக்குக் கணக்கை மறுபடி போட வேண்டும், எண் ஏறும். ஐயாவுக்கு 2014 பட்டியல் இப்போது செல்லாது.

தோபாயோ | மார்ச் 6

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். சிங்கப்பூரில் என் அம்மாவுக்கு முதலில் ஃப்ளாட் (FLOT, நான்கு மருந்துக் கூட்டு) கீமோ கொடுத்து அப்புறம் ஆபரேஷன். ரிப்போர்ட்டில் இரைப்பையில் கட்டி பாதிதான் கரைந்திருக்கிறது, ஆனால் 26 கணுவில் ஒன்றில்கூட இல்லை என்று இருக்கிறது. பாதிதான் கரைந்தது என்பதால் அண்ணன் இடிந்து போய் இருக்கிறார். எதை நம்புவது?

ஸ்லைடுக்காரி | மார்ச் 6

அண்ணனிடம் கணு வரியைப் படிக்கச் சொல்லுங்கள். முன்கூட்டியே கீமோ கொடுப்பதை நிலைநிறுத்திய பிரிட்டிஷ் ஆய்வு மேஜிக், 2006-ல் வந்தது. அதில் ஆபரேஷன் மட்டும் என்றால் ஐந்து வருடத்தில் 23 சதவீதம், கீமோவும் சேர்ந்தால் 36 சதவீதம். அந்த நோயாளிகளின் திசுக்களை 2016-ல் திரும்ப அலசினார்கள். கீமோவுக்குப் பின் கட்டி எவ்வளவு கரைந்தது என்பதைவிடக் கணுவில் நோய் மிஞ்சியிருக்கிறதா என்பதே உயிர்வாழ்வைத் தனித்துச் சொன்னது. கட்டியின் கரைவு, கணுவையும் சேர்த்துக் கணக்கிட்டதும் பலமிழந்துவிட்டது. 26-ல் பூஜ்யம் என்பது நல்ல செய்தி.

ஒன்று மட்டும்: கீமோவுக்குப் பிறகு எழுதும் ஸ்டேஜுக்குப் பட்டியல் வேறு. மேலே எண்சுவடி போட்ட சதவீதங்களை அம்மாவோடு ஒப்பிட வேண்டாம்.

தோபாயோ | மார்ச் 6

நன்றி டாக்டர். அண்ணனுக்கு அனுப்பிவிட்டேன்.

குடந்தைக்காரன் | மார்ச் 13

மறு ரிப்போர்ட் வந்துவிட்டது. மீதிக் கொழுப்பில் இன்னும் எட்டுக் கணு கிடைத்திருக்கிறது. அதில் ஒன்றில் புற்றுநோய். மொத்தம் 3/17. ஸ்டேஜ் 2-பி-யை அடித்துவிட்டு 3-ஏ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

68-ல் இருந்து 54. கேட்காமலே இருந்திருக்கலாமோ என்று தோன்றுகிறது. சித்தப்பா என்னிடம் பேசுவதில்லை.

எண்சுவடி | மார்ச் 13

தம்பி, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். போன வாரம் அப்பாவின் உடம்பில் இருந்ததுதான் இந்த வாரமும் இருக்கிறது. அந்த மூன்றாவது கணு ஆபரேஷன் அன்றே வெளியே வந்துவிட்டது. மாறியது பெயர்ப்பலகை.

இதற்கு மருத்துவத்தில் ஒரு பெயரே இருக்கிறது, வில் ராஜர்ஸ் விளைவு. 1985-ல் ஃபைன்ஸ்டைன் என்பவரும் கூட்டாளிகளும் எழுதினார்கள். வில் ராஜர்ஸ் அமெரிக்க நகைச்சுவைக்காரர். ஓக்லஹோமாக்காரர்கள் கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தபோது இரண்டு மாநிலங்களின் சராசரி அறிவும் உயர்ந்தது என்று அவர் அடித்ததாகச் சொல்லும் கிண்டல். இங்கே நடப்பதும் அதுதான். நன்றாகத் தேடினால், ஸ்டேஜ் 2-ல் ஒளிந்திருந்த மோசமானவர்கள் 3-க்குப் போவார்கள், 2-ன் சராசரி ஏறும். அங்கே ஏற்கெனவே இருப்பவர்களைவிட இவர்கள் தேவலை என்பதால் 3-ன் சராசரியும் ஏறும். ஒருவர்கூட ஒரு நாள் கூடுதலாக வாழாமலே இரண்டு பட்டியலும் அழகாகிவிடும். ஜப்பான் எண்கள் ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் நம்மைவிட நன்றாக இருப்பதில் ஒரு பங்கு இதற்கும் போகும்.

இன்னொன்று. விகிதத்தைப் பாருங்கள். 2/9 என்றால் 22 சதவீதம். 3/17 என்றால் 18 சதவீதம். குறைந்திருக்கிறது! நோயுள்ள கணுக்களை எண்ணுவதைவிட, பார்த்ததில் எத்தனை பங்கு என்று எடுப்பது சரி என்று ஒரு கட்சி உண்டு. அதிலும் ஓட்டை இருக்கிறது. 0/5, 0/30 இரண்டுக்கும் விகிதம் பூஜ்யம்தான், ஆனால் இரண்டும் ஒன்றா? அதனால் மடக்கை (லாகரிதம்) போட்டு ஒரு முறை கண்டுபிடித்தார்கள். நோயுள்ளதோடு அரை, நோயில்லாததோடு அரை கூட்டி, முதலாவதை இரண்டாவதால் வகுத்து மடக்கை எடுப்பது. 0/5-க்கு மைனஸ் 2.4, 0/30-க்கு மைனஸ் 4.1. எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு நல்லது. அப்பாவுக்கு முன்பு மைனஸ் 1.1, இப்போது மைனஸ் 1.4. ஸ்டேஜ் ஏறியது, இந்தக் கணக்கில் நிலைமை சற்று மேல்.

தியேட்டர்2 | மார்ச் 13

எண்சுவடி, அழகான கணக்கு. ஆனால் வார்டில் யாரும் மடக்கை போடுவதில்லை. விகிதத்துக்கு எங்கே கோடு கிழிப்பது என்பதில் ஆய்வுக்கு ஆய்வு வேறு எண். ஒன்றில் 10 சதவீதம், இன்னொன்றில் 25. நான் நோயாளியிடம் எதைச் சொல்ல? கணுவை ஒழுங்காக எடுத்து ஒழுங்காகத் தேடிவிட்டால், சாதாரண எண்ணிக்கையே போதும். குறையாகத் தேடியதைக் கணக்கால் சரிக்கட்டப் பார்க்கிறீர்கள்.

எண்சுவடி | மார்ச் 13

ஒழுங்காகத் தேடினால் என்கிறீர்கள். தேடாத ஊரில் என்ன செய்வது? நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மருத்துவமனை 2003-ல் போட்ட கணிப்பு அட்டவணையிலும் நோயுள்ள கணு, நோயில்லாத கணு இரண்டையும் தனித்தனியாகக் கேட்கிறார்கள். வயது, கட்டி இருந்த இடம், ஆழம், திசு வகை எல்லாம் அதில் சேரும். சும்மாவா கேட்கிறார்கள்?

தியேட்டர்2 | மார்ச் 13

அந்த அட்டவணை தேவலை, ஒத்துக்கொள்கிறேன். மடக்கை விஷயத்தில் இன்னும் மசியவில்லை. 

தம்பிக்கு வருகிறேன். மறு ரிப்போர்ட் கேட்டது வீணில்லை. டி-2 செய்திருக்கிறார்கள் என்பது காகிதத்தில் இருந்தது, இப்போது 17 கணு அதை உறுதிப்படுத்துகிறது. இது ஏன் முக்கியம்? கணு அரைகுறையாக எடுத்தவர்களுக்குக் கீமோவோடு கதிர்வீச்சும் சேர்க்கலாமா என்று யோசிப்பார்கள். 2001-ல் வந்த அமெரிக்க ஆய்வில் கதிர்வீச்சு பலன் தந்தது, ஆனால் அதில் டி-2 செய்தவர்கள் 10 சதவீதம்தான். நல்ல டி-2 ஆனவர்களுக்குப் பெரும்பாலும் கீமோ மட்டும் போதும் என்கிறோம். அப்பாவுக்கு அந்தப் பேச்சு வராது.

கணு குறைவு என்பதற்காக வயிற்றைத் திரும்பத் திறப்பதும் இல்லை. யாராவது சொன்னால் இன்னொரு இடத்தில் கேளுங்கள்.

கீமோ ஆரம்பிக்கும் முன் ஒன்று கேளுங்கள்: கட்டித் திசுவில் எம்எஸ்ஐ அல்லது எம்எம்ஆர் சோதனை (செல்லின் டிஎன்ஏ பிழைதிருத்தம் பழுதா என்று பார்ப்பது) செய்தார்களா? இரைப்பைப் புற்றுநோயில் பத்தில் ஒருவருக்கும் குறைவாகவே அது பாசிட்டிவ் ஆகும். ஆனவர்களுக்குக் கணுவில் இருந்தாலும் போக்கு பொதுவாக நன்றாக இருக்கும், வழக்கமான கீமோவால் பலன் சந்தேகம். நான்கு பெரிய ஆய்வுகளைச் சேர்த்து 2019-ல் வெளியிட்ட அலசல் அப்படித்தான் சொன்னது. செலவு பெரிதில்லை.

கத்திரிவெயில் | மார்ச் 14

வாசகன் மட்டுமே, ஒரு சந்தேகம். கழுத்தில் நெறி கட்டினால் இதோடு சம்பந்தமா?

ஸ்லைடுக்காரி | மார்ச் 14

பல்வலிக்கும் சளிக்கும்கூட நெறி கட்டும், பயப்படாதீர்கள். இடது காறை எலும்புக்கு மேலே, வலியில்லாமல் கெட்டியாக ஒன்று இருந்து குறையாமல் வளர்ந்தால் காட்ட வேண்டும். வயிற்றில் இருந்து நிணநீர் மேலேறி அங்கேதான் ரத்தத்தில் கலக்கிறது. 19-ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மானிய மருத்துவர் விர்ஹோ கவனித்து எழுதியது. இரைப்பைப் புற்றுநோயில் அங்கே ஏறியிருந்தால் அது மேலே பேசிய எண்ணிக்கையில் சேராது, தூரப் பரவல் என்றே எடுப்பார்கள்.

குடந்தைக்காரன் | மார்ச் 16

எம்எம்ஆர் சோதனை முடிந்தது, சாதாரணம்தான். அதனால் கீமோ உண்டு. ஊசி ஒன்று, மாத்திரை பதினான்கு நாள், மூன்று வாரத்துக்கு ஒரு சுற்று, மொத்தம் எட்டு.

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா அடுக்களைக்குள் போய்விட்டார். அப்பா ரிப்போர்ட்டை வாங்கி, கணக்கரல்லவா, 3/17-ஐ வட்டம் போட்டார். "அந்த மூணையும் எடுத்தாச்சா?" என்றார். எடுத்தாச்சு என்றேன். "அப்புறம் எதுக்கு மருந்து?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

தியேட்டர்2 | மார்ச் 16

நல்ல கேள்வி. மூன்று கணுவுக்குப் போகத் தெரிந்த நோய், கண்ணுக்குத் தெரியாமல் வேறெங்காவதும் போயிருக்கலாம். மருந்து அதற்கு. இதே மருந்துக் கூட்டை டி-2 செய்தவர்களிடம் கொரியா, சீனா, தைவானில் சோதித்தார்கள். மூன்று வருடத்தில் நோய் திரும்பாமல் உயிரோடு இருந்தவர்கள் ஆபரேஷன் மட்டும் செய்தவர்களில் 59 சதவீதம், மருந்தும் எடுத்தவர்களில் 74 சதவீதம். கணக்கருக்கு இந்த இரண்டு எண்ணைக் காட்டுங்கள், புரிந்துகொள்வார்.

வேப்பமரம் | மார்ச் 16

ஊசி போட்ட வாரம் பச்சைத் தண்ணீர்கூடக் கை, தொண்டையில் முள் மாதிரி குத்தும். ஐஸ், மோர் எல்லாம் தள்ளி வை. கையைக் கழுவ வெந்நீர். உள்ளங்கை, பாதம் தோல் உரிந்தால் அடுத்த சுற்று வரை காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் சொல். ஒரே வேளையில் தட்டு நிறைய வைக்காதே, ஆறு வேளையாகப் பிரித்துக் கொடு. பழைய சோறு ஆறு மாதம் வேண்டாம்.

குடந்தைக்காரன் | மார்ச் 16

பழைய சோறுதான் கேட்கிறார் ஐயா! வெந்நீருக்கு ஃப்ளாஸ்க் வாங்கியாச்சு. பி-12 ஊசி எப்போதிலிருந்து?

ஸ்லைடுக்காரி | மார்ச் 17

முழு இரைப்பையும் எடுத்தவர்களுக்குக் கட்டாயம். அப்பாவுக்குக் கால் பாகம் மிச்சம் இருக்கிறது, அதனால் ரத்தத்தில் அளவைப் பார்த்து முடிவு செய்வார்கள். இப்போது ஒரு தடவை பார்த்து வைத்துக்கொண்டு வருடா வருடம் பாருங்கள், இரும்புச்சத்தையும் சேர்த்து. அந்த 17-கணு ரிப்போர்ட்டை மூன்று நகல் எடுத்து வையுங்கள். பழைய 9-கணு ரிப்போர்ட்டில் பேனாவால் "திருத்தப்பட்டது, மறு ரிப்போர்ட் பார்க்கவும்" என்று எழுதிவிடுங்கள். இரண்டும் ஃபைலில் கலந்தால், அடுத்த டாக்டர் எதைப் பார்ப்பார் என்று சொல்ல முடியாது.